கேரியர் சென்டர் விமர்சனம்: ரெஸ்யூமே நன்றாகத் திருத்துகிறார்கள், சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லித்தருவதில்லை

மேரிலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம், அதில் எபிடெமியாலஜி (நோய்கள் பரவுவதை ஆராயும்) பிரிவு, முதுகலை படித்து 2025 மே மாதம் பட்டம் வாங்கியவள் நான். இது மாணவர்களுக்கு வேலை தேட உதவுகிற அந்தப் பல்கலைக்கழகத்தின் கேரியர் சென்டரைப் பற்றிய விமர்சனம். பெயர் போடவில்லை, ஏனென்றால் வேறு பல்கலைக்கழகங்களில் படித்த தோழிகளிடம் விசாரித்தபோது அங்கேயும் கிட்டத்தட்ட இதே சேவை, இதே குறைகள்தான். இலவசச் சேவை என்று சொல்வார்கள். இலவசம் எல்லாம் இல்லை, ஒவ்வொரு செமஸ்டரும் கட்டுகிற கட்டணத்தில் இதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அதுவும் ஊரில் வீட்டை அடமானம் வைத்து எஜுகேஷன் லோன் வாங்கி வந்தவர்களுக்கு அந்தக் கட்டணத்தின் ஒவ்வொரு டாலரும் கணக்குத்தான்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெஸ்யூமே திருத்தவும் நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கும் தயங்காமல் போங்கள். எந்த மாதிரி வேலையைத் துரத்துவது, எதை விட்டுவிடுவது என்ற ஆலோசனைக்கு அவர்களை மட்டும் நம்பி இருக்காதீர்கள், குறிப்பாக அரசுப் பணத்தில் ஓடுகிற துறை உங்களுடையது என்றால். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன், அந்த மூன்றும் முதல் இரண்டு விஷயங்களுக்காகத்தான்.

நல்லதை முதலில் எழுதுகிறேன். நான் கொண்டுபோன ரெஸ்யூமே ஊரில் கல்லூரி பிளேஸ்மென்ட் செல் சொல்லிக்கொடுத்த அச்சு. அப்பா பெயர், பிறந்த தேதி, போட்டோ, 'கடின உழைப்பாளி' என்று ஒரு பத்தி, கடைசியில் உறுதிமொழி. அங்கே இருந்த அம்மா ஒருவர் (ஓய்வு பெறும் வயதுதான் இருக்கும், மிகவும் பொறுமைசாலி) ஒவ்வொன்றாக ஏன் எடுக்கவேண்டும் என்று காரணம் சொல்லி எடுத்தார். வயது, குடும்பம், படம் இதெல்லாம் இருந்தால் பாரபட்சம் பார்த்தோம் என்று வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே சில நிறுவனங்கள் அந்த ரெஸ்யூமேவைத் தொடமாட்டார்கள் என்றார். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் நான் செய்த டெங்கு தரவு வேலையை நான் ஒரே வரியில் எழுதியிருந்தேன். அதைத் தோண்டித் தோண்டிக் கேட்டு, எத்தனை நோயாளிகளின் பதிவுகள், எந்த மென்பொருள், முடிவை யார் பயன்படுத்தினார்கள் என்று மூன்று வரியாக மாற்றினார். அதற்குப் பிறகு நான் போன எல்லா நேர்முகத் தேர்விலும் முதல் கேள்வியே அந்த வரிகளிலிருந்துதான் வந்தது. பயிற்சித் தேர்வும் அப்படியே. வீடியோ எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள், நாம் பேசும்போது எங்கே குரல் இறங்குகிறது, எங்கே கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுற்றுகிறோம் என்பது நமக்கே தெரிந்துவிடும். இதை வெளியே ஒரு தனியார் பயிற்சியாளரிடம் போனால் நூற்றுக்கணக்கில் டாலர் கேட்பார்கள்.

அப்புறம் ஹேண்ட்ஷேக் என்ற மாணவர் வேலைத் தளத்தில் கணக்கு, வேலை மேளா, லிங்க்ட்இன் படம் எடுத்துத் தருவது, நேர்முகத் தேர்வுக்குக் கோட்டு சூட்டு இரவல் தருவது எல்லாம் உண்டு. எல்லாம் சரியாகவே நடக்கிறது, சொல்ல ஒன்றும் இல்லை.

இனி குறைக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும், ஏனென்றால் 2025-இல் என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தக் குறை புரியாது.

மேரிலாண்டில் பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் எல்லோருடைய மனத்திலும் ஒரே வரைபடம்தான் இருக்கும். பெதஸ்டாவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் என்ஐஎச், சில்வர் ஸ்பிரிங்கில் உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ, பால்டிமோர் பக்கத்தில் உட்லானில் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் தலைமையகம், இந்த மூன்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஒப்பந்த நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வகங்கள், தொண்டு நிறுவனங்கள். இதில் ஏதோ ஒன்று நம்மை எடுத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் சேருகிறோம். 2025 ஜனவரி 20 அன்று, புது அதிபர் பதவி ஏற்ற அன்றைக்கே, மத்திய அரசு வேலைகளுக்குப் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தி உத்தரவு வந்தது. பிப்ரவரியில் தகுதிகாண் காலத்தில் இருந்த ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பினார்கள், அதாவது நமக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னால் படித்து முடித்துச் சேர்ந்த சீனியர்களை. மார்ச்சில் வெளிநாடுகளுக்கு உதவி தரும் அமெரிக்க அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். அதே மாதம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் யுஎஸ்எய்டிலிருந்து வரவேண்டிய 80 கோடி டாலர் போய்விட்டதால் உலகம் முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட வேலைகளை நீக்குவதாகச் சொன்னது. மாநிலச் சுகாதாரத் துறைகளுக்குக் கொடுத்திருந்த கோவிட் கால நிதியில் சுமார் 1,140 கோடி டாலரைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மார்ச் கடைசியில் மத்திய சுகாதாரத் துறையின் ஊழியர் எண்ணிக்கையை 82,000-இலிருந்து 62,000-ஆகக் குறைக்கப்போவதாக அறிவிப்பு. என்ஐஎச் தன்னுடைய 2025 கோடைக்கால இன்டர்ன்ஷிப்பையே ரத்து செய்தது. பிஎச்டி ஆசையில் இருந்தவர்களுக்கு என்எஸ்எஃப் (அறிவியல் ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அமைப்பு) ஃபெலோஷிப் முந்தின வருடம் 2,000 பேருக்கு மேல் கொடுத்தது ஏப்ரலில் 1,000-ஆகச் சுருங்கியது, ஜூனில்தான் இன்னும் 500 சேர்த்தார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே ஸ்பிரிங் செமஸ்டரில்தான் எங்கள் கேரியர் சென்டர் 'அரசுப் பணியில் உங்கள் எதிர்காலம்' என்ற அச்சடித்த கையேட்டை விநியோகித்துக்கொண்டிருந்தது. அதில் முதல் பக்கத்திலேயே பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெலோஸ் திட்டம். முதுகலை, முனைவர் பட்டம் முடித்தவர்களை மத்திய அரசுக்குள் கொண்டுவர 1977-இல் கார்ட்டர் காலத்தில் தொடங்கிய திட்டம் அது. அதை 2025 பிப்ரவரி 19 அன்று ஓர் உத்தரவில் மூடிவிட்டார்கள். ஏப்ரலில் எனக்குக் கிடைத்த கையேட்டில் அது இன்னும் இருந்தது. என் வகுப்பில் ஓஹையோவிலிருந்து வந்த ஒரு பெண், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள், அதற்காகவே இரண்டு வருடம் காத்திருந்தவள். கையேட்டை அவள் கையில் கொடுத்த ஆலோசகருக்கே அந்தத் திட்டம் மூடியது தெரியவில்லை. ஆலோசகரைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை, ஒரு நாளைக்கு அத்தனை மாணவர்களைப் பார்க்கிறார். ஆனால் ஒரு நிறுவனமாக அந்த மையம் வாரம் ஒருமுறை உட்கார்ந்து 'எந்தக் கதவு மூடியது' என்று பட்டியலைத் திருத்தியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. வேலை மேளாவில் முந்தைய வருடம் அரசுத் துறைகள் உட்கார்ந்த வரிசையில் காவல்துறையும் ராணுவமும் மட்டும் இருந்தன. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'நெட்வொர்க் பண்ணுங்கள், விடாமல் விண்ணப்பியுங்கள்' என்பதே எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருந்தது.

எனக்கு வழி காட்டியது அதே கட்டடத்தில் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிற திருச்சி அக்கா ஒருவர். ஒரு ப்ரொஃபசரிடம் ரிசர்ச் கோஆர்டினேட்டர் வேலை காலி என்று நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி. "சம்பளம் எவ்வளவுன்னு அப்புறம் பாப்போம்மா, அது எந்த கிராண்ட்லருந்து வருது, அந்த கிராண்ட் எப்ப முடியுதுன்னு கேட்டியா?" என்றார். கிராண்ட் என்றால் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கென்று குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கிற நிதி. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் யாரும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று சொல்லித்தரவில்லை. கேரியர் சென்டர் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

அக்கா காட்டிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கு உதவும். என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்று ஒரு தளம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பாஸ்வேர்டு எல்லாம் கிடையாது. அதில் ப்ரொஃபசர் பெயரைப் போட்டால் அவருக்கு எந்தெந்த கிராண்ட், இந்த வருடம் எவ்வளவு, திட்டம் தொடங்கின தேதி, முடிகிற தேதி எல்லாம் வரும். நான் விண்ணப்பிக்க இருந்த வேலையின் கிராண்ட் அடுத்த எட்டு மாதத்தில் முடிகிற ஒன்று. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறாரா என்று கேட்டேன், விண்ணப்பித்திருக்கிறார், பதில் வரவில்லை. வேறு துறைகளின் நிதிக்கு யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளம் இருக்கிறது. 2025-இல் அரசு ரத்து செய்த என்ஐஎச், என்எஸ்எஃப் கிராண்டுகளை ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து கிராண்ட் விட்னஸ் என்ற தளத்தில் தொகுக்கிறார்கள், அங்கே உங்கள் ப்ரொஃபசரின் பெயரோ உங்கள் தலைப்பை ஒட்டிய திட்டங்களோ இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் 'இந்தப் பதவி சாஃப்ட் மணியா ஹார்ட் மணியா' என்று கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கிராண்டிலிருந்து வருவது சாஃப்ட் மணி, நிறுவனத்தின் சொந்த பட்ஜெட்டிலிருந்து வருவது ஹார்ட் மணி. இங்கே ஆய்வகத்தில் இருக்கிற எல்லோரும் இந்தச் சொற்களைத்தான் பேசுகிறார்கள்.

சொந்த பட்ஜெட் என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. ஒரு கிராண்ட் வரும்போது ஆராய்ச்சிச் செலவு தனி, அதற்கு மேல் கட்டடம், மின்சாரம், கணக்கு எழுதும் அலுவலகம் இவற்றுக்கென்று ஒரு சதவீதம் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக வரும். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வாடகை போகக் கரண்டுக்கும் துப்புரவுக்கும் தனியாக வாங்குவார்களே, அந்த மாதிரி. அந்தச் சதவீதம் இடத்துக்கு இடம் வேறுபடும், சில பெரிய ஆய்வு நிறுவனங்களில் 50-ஐத் தாண்டும். 2025 பிப்ரவரி 7 அன்று என்ஐஎச் அதை எல்லோருக்கும் 15 சதவீதம் என்று குறைத்து அறிவித்தது. மாஸசூசெட்ஸ் நீதிமன்றம் தடுத்துவிட்டது, ஆனால் வழக்கு நடக்கும்போது எந்தப் பல்கலைக்கழகமாவது தைரியமாகப் புது ஆள் எடுக்குமா? ஆய்வகங்கள் மட்டுமல்ல, நூலகம், கணினிப் பிரிவு, மாணவர் அலுவலகம் என்று வழக்கமாகப் புதுப் பட்டதாரிகளை எடுக்கிற இடங்களும் சேர்ந்தே பூட்டிக்கொண்டன. ரத்தான கிராண்டுகள் விஷயத்திலும் இதே இழுபறிதான். ஜூனில் பாஸ்டன் நீதிபதி ரத்து செல்லாது என்றார், ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சுமார் 78 கோடி டாலர் கிராண்டுகளை ரத்து செய்ய அரசுக்கு வழி விட்டது. இதற்கு நடுவில் ஒரு 23 வயதுப் பிள்ளை வாடகை கட்டியாக வேண்டும்.

நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி வெளியிடுகிற கணக்கில் 2025 தொடக்கத்தில் 22 முதல் 27 வயதுக்குள் இருக்கிற புதுப் பட்டதாரிகளின் வேலையின்மை 5.8 சதவீதம், நாட்டின் மொத்த விகிதம் 4-ஐ ஒட்டி இருந்த நேரத்தில். எண்ணாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். நேரில் என்ன என்றால், நான் விண்ணப்பித்த ஒரு தொடக்கநிலை அனலிஸ்ட் வேலைக்கு என்னோடு காத்திருந்தவர் பதினைந்து வருட அனுபவம் உள்ள யுஎஸ்எய்ட் அதிகாரி. இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அவரோடு போட்டி போட்டு ஜெயிக்கவும் மனம் இல்லை, தோற்கவும் வசதி இல்லை. சில மாநிலங்கள் வேலை இழந்த மத்திய ஊழியர்களைக் கூப்பிட்டன, வர்ஜீனியா ஒரு தனித் தளமே திறந்தது, நியூயார்க் விளம்பரமே செய்தது. நியாயமான காரியம்தான், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரிசையில் அனுபவமே இல்லாத பட்டதாரி எங்கே நிற்பது என்று யாரும் சொல்லவில்லை. மேரிலாண்ட் மாநிலமே 2025 ஜூலையிலிருந்து புது ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தது.

இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இந்த மையம் எப்படி என்று கேட்டால், இந்த விமர்சனத்திலேயே மோசமான பகுதி இதுதான். மத்திய அரசு வேலை பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தானே, வெட்டு நம்மை என்ன செய்யும் என்று ஊரிலிருந்து மாமா போனில் கேட்டார். செய்யும். எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் போகாமல் நேராக விசா கிடைக்கிற இடங்கள் பல்கலைக்கழகங்களும் லாப நோக்கில்லாத ஆய்வு நிறுவனங்களும்தான், அந்தக் கதவுகள் எல்லாம் கிராண்ட் பணத்தில்தான் திறக்கின்றன. அதோடு ஓ.பி.டி. (படித்து முடித்தபின் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க அனுமதி) காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கக்கூடாது. அமெரிக்க நண்பர்கள் அம்மா அப்பா வீட்டுக்குப் போய் ஒரு வருடம் காத்திருக்கலாம், நமக்கு அது கிடையாது. இதைக் கேரியர் சென்டரில் கேட்டால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போ என்பார்கள், அங்கே கேட்டால் வேலை விஷயம் என்றால் கேரியர் சென்டர் என்பார்கள். இரண்டு அலுவலகமும் ஒரே மாடியில்தான் இருக்கிறது.

அவர்களில் யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டியவை இவை. முதல் ஓ.பி.டி. வருடத்தில், படிப்போடு தொடர்புள்ள, வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாத, சட்டத்துக்கு உட்பட்ட சம்பளமில்லாத வேலையும் வேலையாகவே கணக்கில் வரும், அந்த 90 நாள் ஓடாது. பொதுச் சுகாதாரப் பட்டம் என்று பொதுவாக இருந்தால் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான) ஓ.பி.டி. நீட்டிப்பு கிடைக்காது, எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற குறியீட்டில் இருந்தால் இன்னும் 24 மாதம் கிடைக்கும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் உங்கள் ஐ-20 தாளில் என்ன குறியீடு போட்டிருக்கிறது என்று முதல் செமஸ்டரிலேயே பாருங்கள், கடைசியில் பார்த்துப் பயனில்லை. 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் எச்-1பி கட்டணம் நாட்டுக்குள் இருந்தே மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்குப் பொருந்தாது என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் பல பேர் தூக்கம் இல்லாமல் கிடந்தார்கள். இதற்கு ஒரு பக்க மின்னஞ்சல் போதும், அதைக்கூட யாரும் அனுப்பவில்லை.

இந்த இடைவெளியில்தான் 'ரெஸ்யூமேயில் மூன்று வருட அனுபவம் நாங்கள் போட்டுத்தருகிறோம், வேலை வாங்கித்தருகிறோம்' என்று கன்சல்டன்சி ஆட்கள் வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். தம்பி தங்கைகளா, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பொய்யான அனுபவம் பிடிபட்டால் விசா போவதோடு முடியாது, திரும்பவும் இந்த நாட்டுக்குள் வருவதே சிக்கலாகும்.

எனக்கு வேலை கிடைத்தது ஒரு மருத்துவமனைக் குழுமத்தில், தரக் கண்காணிப்புப் பிரிவில் தரவு அனலிஸ்டாக. தேடும்போது ஒன்றை மட்டும் வைத்து வடிகட்டினேன், சம்பளம் கிராண்டில் இல்லாமல் நோயாளிகளுக்கான காப்பீட்டுப் பணத்திலிருந்து வருகிற இடங்கள். மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம், மருத்துவப் பதிவு மென்பொருள் நிறுவனம், கவுன்ட்டியின் சொந்த வரிப் பணத்தில் ஓடுகிற பிரிவுகள். இதற்கும் ஆபத்து இல்லாமல் இல்லை, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணத்தை வரும் வருடங்களில் பெரிய அளவில் குறைக்கிறது, ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகளுக்கு அது வலிக்கும். என்றாலும் ஒரு கடிதத்தில் ஒரே ராத்திரியில் நின்றுபோகிற பணம் இல்லை. நான் படிக்க ஆசைப்பட்டது தொற்றுநோய்க் கண்காணிப்பு, இப்போது செய்வது அது இல்லை, அந்த வருத்தம் இருக்கிறது. டெங்குவும் காசநோயும் பார்க்க வந்த ஒரு தலைமுறைப் பிள்ளைகளைக் காப்பீட்டு பில் சரிபார்க்க அனுப்புவது இந்த நாட்டுக்கும் நஷ்டம், அந்த வேலையை நம்பியிருந்த ஊர்களுக்கும் நஷ்டம்.

மையத்தின் கருத்துப் படிவத்தில் நான் எழுதிக்கொடுத்ததும் இதுதான். ஒவ்வொரு துறைக்கும் நிதி எங்கிருந்து வருகிறது என்று ஒரு பயிலரங்கம் நடத்துங்கள், என்ஐஎச் ரிப்போர்ட்டர் பார்க்கக் கற்றுக்கொடுங்கள், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து ஒருவரை வாரத்தில் ஒரு மதியம் உங்கள் மேசையில் உட்கார வையுங்கள், ஆஃபர் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்ற நிறுவனங்களின் விவரத்தை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கையேட்டைத் திருத்திவிட்டோம் என்று மட்டும் பதில் வந்தது. திருத்தியிருக்கிறார்கள், இணையத்தில் பார்த்தேன், அந்த ஃபெலோஸ் திட்டம் இப்போது இல்லை. மத்திய அரசு ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்ற புது விதியையும் சேர்த்திருக்கிறார்கள். முன்பு ஐந்து பக்கம் ஆறு பக்கம் எழுதச் சொன்ன இடம் அது, ஆகவே பழைய அச்சை வைத்திருப்பவர்கள் உடனே மாற்றுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு நடைமுறைத் தகவல். எங்கள் மையத்தில் பட்டம் வாங்கி ஒரு வருடம் வரைக்கும் அப்பாயின்ட்மென்ட் தருகிறார்கள், உங்கள் இடத்தில் எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் மேளாவுக்கு முன்னால் கூட்டம் தாங்காது, கால் மணி நேரம்தான் கிடைக்கும். ஜூன், ஜூலையில் போனால் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து பேசுவார்கள். போகும்போது வேலை விளம்பரத்தோடு அந்த ப்ரொஃபசரின் கிராண்ட் பக்கத்தையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள், மேசையில் வைத்தால் ஆலோசகரும் அதைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும்.